குழந்தைக்கு ஆகாத மாத்திரை

கண் விழித்ததும் சுப்ரியா முதலில் பார்த்தது இரண்டு கண்களைத்தான். மழைநீர் சொட்டும் இமைகள்... உள்ளே அவளுடையதைவிடப் பெரிய பயம்.

மட்டாஞ்சேரி படகுத்துறையில் அவளைச் சுற்றிக் கூட்டம். வலிப்புக்கு இரும்புதான் மருந்தென்று யாரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணிக்க வந்தார். அந்தக் கண்களுக்குரியவன் தடுத்தான்.

"வேண்டாம் சேட்டா! ஒருக்களிச்சே படுத்திருக்கட்டும்."

அவள் சட்டென்று எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்தாள். "வலிப்பொண்ணும் இல்லை. காலம்பற சாப்பிடலே... வெறும் மயக்கம்."

"செரி. என் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கலாமா? தயிர்சாதத்தைத் தலையணையாக்கிண்டு நன்னா தூங்கினேள். இன்னிக்கு நான் பட்டினியாக்கும்."

அவமானத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் ஹரிநாராயணன். பக்கத்தில், யூதர் தெருவான ஜூ டவுனில் ஏலக்காய்க் கிடங்கில் வேலை. எர்ணாகுளத்திலிருந்து அவன் வந்து இறங்கும் படகில்தான் அவள் வேலைக்கு ஏறுவாள். இடையில் ஒரு சாயா, ஒரு சீண்டல், ஒரு பார்வை... மழைக்காலம் முடியுமுன் கேட்டுவிட்டான்.

"என்னைக் கட்டிக்கறேளா? நாளைக்குச் சொல்லுங்கோ. எனக்கும் ஒண்ணு சொல்லணும்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா குரலைத் தாழ்த்தினாள். "வலிப்பு மாத்திரைன்னு மூச்சு விடாதே. பிறக்கப்போற குழந்தைக்கு ஆகாதுன்னு நிறுத்தியாச்சு. இனி எதுக்கு அந்தப் பேச்சு?"

வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கியபோதே நிறுத்தியது. அதன்பிறகு குளியலறைத் தாழ்ப்பாளைப் போடவே பயம். மாடிப்படி பயம். மடியில் ஒரு குழந்தை இருக்க, கை உதறத் தொடங்கினால்... அதற்குமேல் நினைக்க அவளால் முடியவில்லை.

மறுநாள் அவன் மெதுவாகக் கேட்டான். "மாத்திரை போட்டுக்கறேள்தானே?"

"எனக்கெதுக்கு மாத்திரை? மயக்கம்னுதானே சொன்னேன்!"

அவன் முகம் வெளுத்தது. ஓரடி பின்வாங்கினான்.

"பயந்துட்டேளா? வியாதிக்காரி வேண்டாமாக்கும்!" வெடுக்கென்று திரும்பிப் படகை நோக்கி நடந்தாள்.

"அம்மிணியும் இப்படித்தான் மறைச்சா..."

நின்றாள். "யாரு அம்மிணி?"

"என் ஆத்துக்காரி. இதைத்தான் சொல்லணும்னேன். அவளுக்கும் வலிப்பு உண்டு. வயத்துல குழந்தைன்னு தெரிஞ்சதும், மாத்திரை ஆகாதோன்னு பயந்துட்டா. டாக்டர்கிட்டயும் கேக்கலே, எங்கிட்டயும் சொல்லலே. நிறுத்திட்டா. ஒரு நாள் குளிமுறியில வலிப்பு வந்துடுத்து, கதவை உடைச்சுண்டு போறதுக்குள்ளே... ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் மயானத்துக்குக் கொண்டுபோனேன்."

தகரக் கூரையில் மழை அறைந்தது. சுப்ரியா திரும்பி அவனருகே வந்தாள்.

"நானும்... நிறுத்திட்டேன்."

அவன் அவள் மணிக்கட்டைப் பற்றினான். அவள் ஏறவேண்டிய படகில் அவனும் ஏறினான்.

எர்ணாகுளத்தில் டாக்டர் அவளைக் கண்டித்தார். தானாக நிறுத்தியது பெரிய ஆபத்து; சில மருந்துகள் கருவைப் பாதிக்கும் என்பதும் உண்மை. அதனால்தான் முன்கூட்டியே வரவேண்டும். பாதுகாப்பான மருந்துக்கு மாறி, வலிப்பு அடங்கிய பிறகு கருத்தரிக்கலாம். ஃபோலிக் ஆசிட் இப்போதே தொடங்கலாம். இப்படிப் பெற்றவர்கள் நிறையப் பேர்.

வெளியே வந்து மருந்துக்கடை வாசலிலேயே முதல் மாத்திரையை விழுங்கினாள். அவன் தண்ணீர்க் குப்பியைப் பிடித்திருந்தான்.

"எல்லாம் செஞ்சும் குழந்தை பிறக்கலேன்னா?" என்றாள்.

"பிறந்தா சந்தோஷம். பிறக்கலேன்னா நாம ரெண்டு பேரு. நீங்க இருக்கணும் சுப்ரியா... இன்னொரு தடவை என்னால ஆகாது."

நனைந்த அந்தக் கண்களை முதன்முறையாக விலகாமல் பார்த்தாள்.

"எனக்கு உங்களை இஷ்டம்... ரொம்ப. பயமாவும் இருக்கு."

"எனக்கும்," என்றான் அவன். "ரெண்டும்."