பதினோராம் பாகத்து இரைச்சல்

காற்றுக்கு அடியில் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒலிநாடாவின் பழுது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்பு வாராவாரம் தெருவையே வெறிச்சோட வைத்த விண்வெளித் தொடர் அது. பத்தொன்பது பாகங்களையும் தூசு தட்டி, மெருகேற்றி, அழகான பெட்டியில் டிவிடிகளாக வெளியிட நிறுவனம் முடிவு செய்திருந்தது. படத்தைத் துலக்குவது மேல்மாடிக்காரர்களின் வேலை, ஒலியைச் சுத்தம் செய்வது அவளுடையது. ஜன்னலில்லாத அந்த அறையில், சுவரெங்கும் ஒட்டிய சாம்பல் நிறப் பஞ்சு அவளுடைய செருமலைக்கூட விழுங்கிவிட, பழைய நாடாக்களின் புளித்த நெடியும் சூடேறிய கருவிகளின் வாசனையும் மூக்கில் ஏற, ஹெட்போனை மாட்டினால் அவளுக்குப் பகலா இரவா என்பதுகூட மறந்துபோகும்.

பதினோராம் பாகத்தில் ஒரு பாழுங்கிரகம். கதாநாயகனும் நாயகியும் முன்னால் நின்று வசனம் பேசிக்கொண்டிருக்க, பின்னால் விண்வெளி உடை போட்ட துணை நடிகர் ஒருவர் மணலில் விழுந்து துடித்துச் சாவார். அவள் வசனத்தை ஒதுக்கினாள். மின்விசிறி வைத்து உண்டாக்கிய காற்றைக் குறைத்தாள்.

தக். தக் தக்.

கண்ணாடியில் விரல் படுகிற சத்தம். இன்னும் குறைத்தாள். தட்டலுக்கு நடுவே ஒரு குரல்.

"மூச்சு முட்டுது... கழட்டுங்க..."

தொடரின் வசனப் பிரதியில் அப்படி ஒரு வசனமே இல்லை.

அந்தத் தொடருக்கு ஒலிப்பதிவு செய்த பெரியவர் இன்னும் இருந்தார். தொலைபேசியில் அவர் குரல் தெளிவாகவே இருந்தது.

"அது மின்விசிறிச் சத்தம்மா. அழிச்சிடுங்க."

"ஐயா, அதுக்கு நடுவுல ஒருத்தர் பேசுறாரு."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"என்ன சொல்றான்?"

சொன்னாள்.

"நல்லா நடிக்கிறான்னு நினைச்சோம்மா" என்றார் அவர். "காட்சி முடிஞ்சதும் எல்லாரும் கைத்தட்டினோம். தலைக்கவசத்தைக் கழட்டினப்போதான் மூச்சு நின்னுபோனது தெரிஞ்சுது. அன்னைக்கு வர வேண்டிய ஆள் வரல. சும்மா வேடிக்கை பார்க்க வந்தவனை நான்தான் போட்டுக்கடான்னு சொன்னேன். என் தம்பிம்மா அவன். மைக் தலைக்கவசத்துக்குள்ளேயே இருந்துச்சு. என் காதுல விழுந்திருக்கணும். என்னமோ இரைச்சல்னு நானே குறைச்சு வெச்சேன்."

போனை வைக்கும்போது அவர் கேட்டார்: "இன்னும் தட்டுறானா?"

மேலாளர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். "வெளியீட்டுக்கு எட்டு நாள்தான் இருக்கு. வெளியே தெரிஞ்சா நம்ம பேரு நாறிடும். அழிச்சிடுங்கம்மா. போனவரு திரும்பியா வரப்போறாரு?"

ஒரு நாள் முழுக்கத் தள்ளிப்போட்டாள். மறுநாள் அழித்தாள். ஒவ்வொரு தட்டலாக, ஒவ்வொரு சொல்லாக, நகத்தால் சுரண்டுவதுபோல எடுத்துப் போட்டாள். கடைசித் தட்டலும் போனபோது, யாரோ சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்ததுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை முதல் பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனாள். கணவர் சின்னப் பிள்ளைபோலக் குதித்தார். "இதுக்காகவே உன்னைக் கட்டிக்கிட்டேன்னு வெச்சுக்கோயேன்!" மகள் குட்டி பெட்டியைப் பறித்துக்கொண்டு ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் விளம்பரத்துக்கான ஒலித் துண்டுகளைத் தயாரிக்க அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கட்டிடத்தில் வேறு ஆளில்லை. கை தானாகப் பதினோராம் பாகத்தைப் போட்டது.

நாயகன் பேசினான். நாயகி அழுதாள். பின்னால் மணல் மட்டும் கிடந்தது. விழுந்து கிடந்தவரைக் காணவில்லை.

பின்னுக்கு ஓட்டினாள். மறுபடி பார்த்தாள். வெறும் மணல்.

மேல்மாடியில் அழித்திருப்பார்களோ? பன்னிரண்டாம் பாகத்தைப் போட்டாள். விண்கலத்தின் நீண்ட நடைபாதை. அதன் கோடியில், விளக்கு எட்டாத இடத்தில், வெள்ளையாக, உருண்டையாக ஒரு தலை.

பதினான்கில் அது நாயகனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றது. யாரும் அதைப் பார்க்கவில்லை. பதினேழில் நாயகிக்கும் கேமராவுக்கும் நடுவில் நின்றது. முகக் கண்ணாடி, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவள் பக்கம் திரும்பியிருந்தது.

பத்தொன்பதில் அது இல்லை. யாருமே இல்லை. காலி அறைகள். திறந்து கிடந்த ஒரு கதவு.

வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, எத்தனாவது பாகம் பாக்குறீங்க?"

"கடைசி. முடியப்போகுது. குட்டி நேத்துலேர்ந்து ஒரே கேள்வி, அந்த வெள்ளை டிரஸ் மாமா ஏம்ப்பா பேசவே மாட்டேங்குறாருன்னு. எனக்கே ஞாபகம் இல்ல, யாரு அது?"

"டிவியை அணைங்க."

"என்னது?"

"அணைங்கங்க! குட்டியைத் தூக்கிட்டு வெளிய போங்க!"

தக். தக் தக்.

"இரு, யாரோ தட்டுறாங்க." அவருடைய காலடி நகர்ந்தது. நின்றது. "வாசல்ல யாரும் இல்லியே..."

குட்டி என்னவோ கேட்டாள். மாமா என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.

பிறகு ஒன்றுமில்லை. இரைச்சல்கூட இல்லை.

ஓடினாள். படிக்கட்டு. தெரு. சுள்ளென்ற வெயில். சிக்னலில் ஹார்ன்கள். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை.

வீட்டுக் கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே திரைச்சீலைகள் இழுத்துவிடப்பட்டிருந்தன. டிவியில் ஒரு காலி அறை. அதன் நீல வெளிச்சத்தில், சோபாவின் முதுகுக்கு மேலே தலைகள் தெரிந்தன.

கணவரின் தலை. குட்டியின் ரெட்டைப் பின்னல்.

நடுவில், வெள்ளையாக, உருண்டையாக, ஒன்று.

"குட்டி..."

குட்டி திரும்பவில்லை. அவரும் திரும்பவில்லை.

நடுவில் இருந்தது திரும்பியது. மெதுவாக. அதன் கண்ணாடியில் உள்ளிருந்து ஆவி படிந்தது, கலைந்தது, மறுபடி படிந்தது.

அந்த மூவரில் அது மட்டும்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.