வந்த காரியம்

மழை பெய்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. அப்படியிருக்க, கூடத்தில் ஈரக் களிமண் வாசனை எங்கிருந்து வருகிறது என்று கொனாடுவுக்குப் புரியவில்லை.

சோபாவுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஜன்னலோரப் பூந்தொட்டியை மோந்து பார்த்தாள். அது என்றைக்கோ செத்துப்போன செடி, மண் பொரிகடலை மாதிரி உதிர்ந்தது. ஹார்மாட்டான் காற்று பாலைவனத்துத் தூசியை அள்ளிவந்து குமாசி நகரத்தின் மேல் கொட்டிக்கொண்டிருந்த டிசம்பர் மாதம். உதடு வெடித்து, குதிகால் வெடித்து, அலமாரிப் பலகைகூட இருந்தாற்போலிருந்து டக்கென்று வெடிக்கிற வறட்சி. ஷியா வெண்ணெயை எத்தனை தடவை தேய்த்தாலும் அரை மணி நேரத்தில் தோல் சாம்பல் பூத்துவிடும். குழாயில் தண்ணீர் வந்து மூன்று நாள் ஆகிறது. கொல்லைப்புறப் பீப்பாயில் பாதிக்கும் கீழேதான் மிச்சம். இந்த லட்சணத்தில் வீட்டுக்குள் ஈரத்துக்கு ஏது வழி? ஆனால் வாசனை இருந்தது. குளிர்ந்த, கொஞ்சம் இனித்த வாசனை. புதிதாகத் தோண்டிய குழிக்குள் எட்டிப் பார்த்தால் வருமே, அது.

மதியம் மணி மூன்று. மகள் திவா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். எட்டு வயதுக்காரிக்குக் காலை முழுக்க எழுதிய களைப்பு.

எழுத வைத்தது கொனாடுதான். பள்ளிக்கூடத்தில் கொடுத்த தாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது: விடுமுறையில் வீட்டிலேயே எழுதிப் பழக ஏழு பயிற்சிகள். முதல் பயிற்சி, உன் செருப்பு பேசினால் என்ன சொல்லும்? இரண்டாவது, மழைக்கு ஒரு கடிதம். மூன்றாவது, உங்கள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வருகிறார். கண், காது, மூக்கு எல்லாவற்றாலும் எழுது. அவருக்கு என்ன வேண்டும் என்று எழுது. சிறந்த கதையைப் பரிசளிப்பு விழாவில் மேடையேறி வாசிக்கலாம். போன வருஷம் பக்கத்து வீட்டுப் பையன் வாசித்தான். அவன் அம்மா அன்றைக்குக் கட்டிய லேஸ் துணியை மூன்று ஞாயிறு தொடர்ந்து சர்ச்சுக்குக் கட்டிவந்தாள். அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த கொனாடு, கோகோ அலுவலகத்தில் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஒரு சிவப்புப் பேனாவும் வாங்கிவந்திருந்தாள்.

நேற்று திவா கொண்டுவந்த மூன்றாவது பயிற்சி அரைப் பக்கம்கூட இல்லை. 'நாங்கள் நிஜமாகச் சொல்லவில்லை, நிஜமாகச் சொல்லவே இல்லை' என்று தொடங்கியது. ஒரு அத்தை வந்தாள், தண்ணீர் குடித்தாள், உப்பு கேட்டாள், அம்மா கொடுத்தாள், போய்விட்டாள்.

கொனாடு முதல் வரியைச் சிவப்பில் அடித்தாள்.

"மா, அத அடிக்காத. அப்பா அதச் சொல்லாம கதையே ஆரம்பிக்க மாட்டாரு."

"உங்கப்பா லாரி ஓட்டறவரு. மார்க் போடறவரு இல்ல. எடுத்த எடுப்புலயே நாங்க சொல்றது பொய்னு சொன்னா எவன் மேல படிப்பான்?"

"அப்ப அத்தைக்கு உப்பு வேணாமா?"

"உப்புக்கு யாராச்சும் பரிசு குடுப்பாங்களா? கொடுக்கவே முடியாத ஒண்ணக் கேக்கணும்டி. படிக்கறவங்களுக்குத் திக்குனு இருக்கணும்."

திவா பென்சிலைக் கடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். "நம்ம வீட்ல குடுக்க முடியாதது எது மா?"

"அத நீயே யோசி. எல்லாத்தையும் நானே சொல்லிட்டா அப்புறம் மேடையில நானே ஏறி நிக்கணும்."

திவா சொன்ன பேச்சைத் தட்டாத குழந்தை. போன மாதம் பாஸ்டரின் மனைவி வந்தபோது, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த கொனாடு அடுப்பு ஞாபகத்தில் வந்த காரியத்தைக் கேட்க மறந்துபோனாள். ஊர் வழக்கப்படி, தண்ணீர் குடித்து முடித்த விருந்தாளியிடம் வீட்டுக்காரர் அதைக் கேட்க வேண்டும். கேட்காதவரை வந்தவர் வாய் திறக்கமாட்டார். அந்த அம்மாள் பாவம், காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்று ராத்திரியே கொனாடு திவாவை நிற்கவைத்துப் பாடம் சொன்னாள்: பெரியவங்க மறந்தா நீ கேக்கணும், கேக்கலன்னா வீட்டுக்கே மானக்கேடு. இருபது தடவை சொல்லவைத்தாள். 'இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் வந்த காரியம் என்ன?'

சாப்பாட்டு மேசை மேல் நோட்டு கிடந்தது. காலையில் எழுதி முடித்த புதுப் பிரதி. கொனாடு இன்னும் படிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு திறந்தாள்.

'முதலில் வாசனைதான் வந்தது. ஈரக் களிமண் வாசனை.'

சபாஷ் என்றுதான் முதலில் தோன்றியது. வாசனையைப் பிடித்து எழுத்தில் போட்டுவிட்டாளே என் மகள். பிறகுதான் உறைத்தது. இவள் எழுதியது காலையில். வாசனை வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

'அப்புறம் ஆடு கத்துவதை நிறுத்தியது.'

பக்கத்து வீட்டு மாமரத்தில் கட்டியிருந்த ஆடு விடிந்ததிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்குத் தனக்கு என்ன ஆகப்போகிறதென்று தெரிந்த மாதிரி ஓயாத கத்தல். கொனாடு தலையைத் தூக்கிக் காதைத் தீட்டினாள். தூசிக் காற்று தகரக் கூரையை உரசிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து ஜன்னல் வழியே பார்த்தாள். ஆடு இருந்தது. நின்றுகொண்டுதான் இருந்தது. வாய் கத்துவது போலவே திறந்து திறந்து மூடியது, சத்தம்தான் வரவில்லை.

அடுத்த வரியைப் படிக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே படித்தாள்.

'அப்புறம் இடுப்புப் பாசிமணிகளின் சத்தம். அவள் மெதுவாகத்தான் நடப்பாள்.'

க்ளிக். தெருக்கோடியில்தான் இருக்கும். கூழாங்கல்லோடு கூழாங்கல் தட்டுவது போல. க்ளிக். நிதானமாக, வீடு வீடாகக் கடந்து, எந்த வீட்டிலும் நிற்காமல்.

கணவன் அம்போன்சாவுக்குப் போன் போட்டாள். அவன் வள்ளிக்கிழங்கு லாரியோடு வடக்கே கிண்டாம்போவில் நின்றிருந்தான்.

"என்ன வாத்தியாரம்மா, லீவு நாள்ல இந்த டிரைவர் நெனப்பு வந்திருக்கு?"

"விளையாடாதீங்க. திவா ஒரு கதை எழுதியிருக்கா. அதுல இருக்கறதெல்லாம் வரிசையா நடக்குது."

"நல்லதாப் போச்சு. லாரிக்கு நாலு புது டயர் எழுதச் சொல்லு." வாயில் எதையோ மென்றுகொண்டு சிரித்தான்.

"வாசனை வந்துச்சு. ஆடு கத்தறது நின்னுபோச்சு. மணிச் சத்தம் கேக்குதுங்க. இப்பவும் கேக்குது."

மெல்லும் சத்தம் நின்றது. "முதல் வரியப் படி."

படித்தாள்.

"அதுக்கு முன்னாடி என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நான்தான் அடிச்சேன்."

அந்தப் பக்கம் லாரிக் கதவை அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

"ஏன்டி இப்படிப் பண்ணின? பொய்னு முதல்ல சொல்லிட்டுத்தான் கதைக்குள்ள எதையும் கூப்பிடுவாங்க. அதச் சொல்லலைன்னா கூப்பிட்டது கூப்பிட்டதுதான். அதுவும் கதையே சொல்லக் கூடாத பட்டப்பகல்ல." குரல் இறங்கியது. "வாசல்ல யார் ஆகோன்னு கூப்பிட்டாலும் பதில் குடுக்காத. வாயத் தொறந்து அமேன்னு சொல்லிடா..."

இணைப்பு அறுந்தது. மறுபடி அழுத்தினாள். பச்சைப் பொத்தான் மேல் விரல் வழுக்கியது. தொடர்பு கிடைக்கவில்லை.

பக்கத்தைத் திருப்பினாள். எழுத்துகள் பெரிதாக, உருண்டையாக, அழகாக இருந்தன. 'அவள் மூன்று முறை கூப்பிட்டாள். கட்டியது போக இரண்டாவது துணியை மடித்துத் தோளில் போட்டிருந்தாள். அவள் உள்ளே வந்த பிறகுதான் அவளுடைய நிழல் வந்தது. அம்மா தண்ணீர் கொடுத்தாள். யாராவது கேட்டால்தான் அவள் சொல்வாள். சொல்லிவிட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவளுக்கு வேண்டியது' என்பதோடு வரி நின்றது. கை வலித்திருக்கும். மீதிக்குப் பதில் படம் வரைந்திருந்தாள். இரண்டு சடை. மஞ்சள் கவுன். கீழே அலைஅலையாய்ச் சுருக்கம் வைத்த கவுன்.

இன்று காலை கொனாடுவே இஸ்திரி போட்டு மகளுக்கு மாட்டிவிட்ட கவுன்.

சிவப்புப் பேனாவைப் பாய்ந்தெடுத்து, அடித்த வரியைத் திரும்ப மேலே எழுதப் போனாள். நாங்கள் நிஜமாக. பேனா எழுதவில்லை. முனை காய்ந்துபோயிருந்தது. நாக்கில் வைத்து நனைத்தாள், உதறினாள், அழுத்தினாள். தாள் கிழிந்ததுதான் மிச்சம்.

க்ளிக். வாசற்படி.

"ஆகோ."

வயதான குரல் இல்லை. இளம் குரலும் இல்லை. மரியாதையான குரல். கொனாடு வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"ஆகோ."

பொத்திக்கொண்டே உள்ளறைக்கு ஓடினாள். திவா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கதவைத் தாழிட வேண்டும். வறட்சியில் மரம் சுருங்கி, தாழ்ப்பாளும் துளையும் ஒன்றோடொன்று சேரவில்லை. ஒரு கையால் இழுத்தாள். முடியவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள்.

"ஆகோ."

"அமே" என்றாள் கொனாடு.

சொல்ல நினைக்கவேயில்லை. முப்பத்தாறு வருஷம் வாசலில் கேட்கும் ஒவ்வொரு ஆகோவுக்கும், உள்ளே வரலாம் என்று அமே சொல்லிப் பழகிய வாய், கை விலகியதும் தானாகச் சொல்லிவிட்டது. பாவி வாய். கூடத்துக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

ஓடிவந்தாள். விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் துணி, ஓரமெல்லாம் ஈரம். தோளில் மடித்த இரண்டாவது துணி. முகம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பார்வையை எடுத்த உடனே மறந்துபோகிற முகம். வாசலில் நிழல் ஒன்று நிலைப்படியைத் தாண்டி, தரையில் ஊர்ந்து வந்து, நாற்காலிக்கடியில் சேர்ந்துகொண்டது.

"நாங்க நிஜமாச் சொல்லல." கொனாடுவின் பல் கிட்டியது. "நிஜமாச் சொல்லவே இல்ல."

விருந்தாளி பரிவோடு பார்த்தாள். "அத ஆரம்பத்துல சொல்லணும், தங்கச்சி. நான்தான் வந்துட்டேனே."

கேட்கக் கூடாது. கேட்டால்தானே சொல்வாள். தண்ணீர் குடித்து முடித்த பிறகுதானே கேட்க வேண்டும்? குடிக்கிறவரை கேட்க வேண்டியதில்லை. குடித்துக்கொண்டே இருக்கட்டும். கொனாடு கொல்லைக்கு ஓடி பீப்பாயில் டம்ளரை முக்கி எடுத்துவந்தாள். விருந்தாளி வலக்கையால் வாங்கிக் குடித்தாள். தொண்டை அசையவில்லை. தண்ணீர் மட்டும் இறங்கியது.

இன்னொரு டம்ளர். அதை வாங்கிக்கொண்டு காலி டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். இன்னொன்று. வேண்டாமென்று சொல்லவில்லை. கூடத்திலிருந்து கொல்லைக்கு, கொல்லையிலிருந்து கூடத்துக்கு. போகும்போதும் வரும்போதும் உள்ளறைக் கதவைப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. தூங்குடி செல்லம். தூங்கு. அப்பா வந்துடுவார். இருட்டட்டும், இருட்டினால் ஏதாவது மாறும். மணி நாலாகியிருக்குமா? வெளியே அதே வெளிறிய வெளிச்சம். ஆடு சத்தமில்லாமல் கத்தியது. வாசனை தொண்டை வரை ஏறியது. நாற்காலிக்கடியில் தரை நனைந்திருந்தது. சிமெண்டுத் தரைதான். ஆனால் மண்ணாகக் குழைந்திருந்தது.

இன்னொன்று. ஓட்டத்தில் பாதி சிந்தியது. இன்னொன்று.

டம்ளர் பீப்பாயின் அடியில் இடித்தது. டங்.

அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

கொனாடு காலி டம்ளரோடு திரும்பினாள். கொல்லைப்புறக் கதவு வழியே கூடம் தெரிந்தது. உள்ளறைக் கதவு திறந்திருந்தது. மஞ்சள் கவுன், கண்ணைக் கசக்கிக்கொண்டு, நடுக்கூடத்தில். திவா விருந்தாளியைப் பார்த்தாள். விருந்தாளியின் கையிலிருந்த காலி டம்ளரைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்; மறுபடியும் மறந்துட்டியா மா என்று கேட்கிற, அம்மாவின் மானத்தைக் காப்பாற்றக் கிளம்பிய பார்வை.

கொனாடு கத்தினாள். வாய் திறந்தது. திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

திவா கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, முழங்காலை லேசாக மடக்கி, இருபது தடவை பழகியது பிசகாமல் சொன்னாள்.

"இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் வந்த காரியம் என்ன?"

விருந்தாளி டம்ளரைத் தரையில் வைத்தாள். எழுந்தாள். தோளில் இருந்த துணியை எடுத்து உதறினாள். பிள்ளையை முதுகில் கட்டும் துணி. இரண்டு முனையையும் இரண்டு கையால் விரித்துப் பிடித்தபடி திரும்பி, குழந்தைக்கு எட்டும்படி குனிந்து முதுகைக் காட்டினாள்.

முதுகு ஈரக் களிமண். அதில் ஒரு குழந்தை அளவுக்குப் பள்ளம். நெஞ்சுக்கு ஒரு குழி, கன்னத்துக்கு ஒரு குழி, இரண்டு சடைக்கு இரண்டு கோடு. கீழே, ஒரு மடிப்புகூட விடாமல், கவுனின் சுருக்கம் அலைஅலையாய்ப் பதிந்திருந்தது.