உட்கார மறுத்த சிவப்புப் பொட்டுகள்

"தொடாதே, நுழையாதே, தும்மாதே!" என்று சொல்லிவிட்டு அம்மா ஆய்வுக்கூடத்துக்குள் போனார். பள்ளி விடுமுறை. வாலு (அம்மா அவளை அப்படித்தான் கூப்பிடுவார்) வெளியே கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

ஃப்ளூ கிருமி பெரிய கில்லாடி. அடிக்கடி சட்டையை மாற்றிக்கொள்ளும். பழைய சட்டையையே பார்த்துப் பழகிய உடம்பு ஏமாந்துபோகும். அதனால் அம்மா தடுப்பூசியோடு 'துணையூக்கி' என்ற பொருளையும் கலந்திருந்தார். அது உடம்பின் காவல்படையை நன்றாக உசுப்பிவிடும். உசுப்பினால், புதுச் சட்டைக் கிருமிகளும் மாட்டுமா? அதுதான் இன்றைய சோதனை.

தட்டு நிறையக் குட்டிக் குட்டிக் குழிகள். அவற்றில் தடுப்பூசி போட்ட எலிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரம், வரிசைக்கு ஒரு சட்டையில் செத்த கிருமி, ரத்தச் சிவப்பணுக்கள். சீரம் கிருமியை மடக்கிவிட்டால், சிவப்பணுக்கள் அடியில் பொட்டுபோல் உட்காரும். மடக்காவிட்டால், கிருமி அவற்றைப் பிடித்து வலைபோல் விரித்துவிடும்.

அம்மா வெளியே வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"எல்லாமே கலங்கிக் கிடக்கு, வாலு. கிருமியே போடாத குழியிலகூட பொட்டு விழல."

"அதுல கண்டிப்பா விழணுமேம்மா?"

"விழணும்! இன்னும் ஒரு தட்டுக்குத்தான் சீரம் இருக்கு. அதுவும் சொதப்பினா இந்த மருந்தை மூட்டை கட்ட வேண்டியதுதான்."

அம்மாவோடு வேலை செய்யும் அக்கா உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "ரத்தம் பழசாயிடுச்சோ, மேடம்?"

வாலு அந்தத் தட்டையே பார்த்தாள். பக்கத்தில் ஒரு குடுவைத் தண்ணீர். யாரும் தொடவில்லை, ஆனாலும் அதில் வட்ட வட்டமாகச் சின்ன அலைகள்.

"அம்மா, தண்ணி ஏன் நடுங்குது? அதுக்கும் காய்ச்சலா?"

அம்மா சட்டெனத் திரும்பினார். அதே மேசையின் மறுமுனையில் ஒரு சுழல் இயந்திரம் 'விர்ர்ர்' என்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயோ, புது மெஷின்!" அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "இடமில்லைன்னு நான்தான் அங்க வெச்சேன்!"

"ஆட்டிக்கிட்டே இருந்தா பொட்டு எப்படிக்கா உட்காரும்? பாவம்!"

அம்மா உள்ளே ஓடினார். கடைசித் தட்டைத் தயார்செய்து, மூலையில் இருந்த கல்மேடையில் வைத்தார்கள். இயந்திரம் நின்றது. வாலு நகத்தைக் கடித்தாள். அக்காவும் கடித்திருப்பார், ஆனால் கையில் உறை இருந்தது.

ஒருவழியாக அம்மா தட்டைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுவந்தார்.

இடப்பக்கம் வெறும் தடுப்பூசி. பழைய சட்டைக் கிருமியின் வரிசையில் மட்டும் பொட்டு. வலப்பக்கம் துணையூக்கி சேர்த்தது. முதல் வரிசையில் பொட்டு. இரண்டாவதில்...

"பொட்டு! மூணாவதுலயும் பொட்டும்மா! புதுச் சட்டைக்காரங்க மாட்டிக்கிட்டாங்க!"

உள்ளே அம்மாவும் அக்காவும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். வெளியே வாலு தனியாகவே குதித்தாள்.

கடைசி வரிசையில் மட்டும் சிவப்பு வலை விரிந்திருந்தது.

"இவன் ஒருத்தன் தப்பிச்சுட்டான்," என்றார் அம்மா.

வாலு கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அவனுக்கு விரலை ஆட்டினாள்.

"டேய், எங்கம்மா இன்னும் வீட்டுக்குக் கிளம்பல!"