ஐந்து நாள் பனி

திங்கட்கிழமை. மாலை 5.50.

போடிமெட்டுச் சாவடியில் ஜீப்பு நின்றதும் ஏலத்தோட்டத்துப் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி இடுப்பை நிமிர்த்திக்கொண்டார்கள். கருத்தம்மாள் மட்டும் இறங்கவில்லை. அவள் தோளில் சோலையம்மாள் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

“ஏய் சோலை, எந்திரி. ஒரு வாய் டீத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்.”

கையைப் பிடித்து உலுக்கிய கருத்தம்மாள் சட்டென்று விட்டுவிட்டாள். கை சில்லிட்டிருந்தது.

டிரைவர் ஜக்கையன் ஓடிவந்து பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். ராசிங்காபுரத்திலிருந்து பன்னிரண்டு வருஷமாகத் தினமும் மலையேறிக் காய் பறித்தவள், அன்று இறங்கி வந்தபோது உயிரோடு இல்லை. நாற்பத்தாறு வயது. கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் நடந்த சாவு என்பதால் வழக்கு போடி இன்ஸ்பெக்டர் அமுதவள்ளியிடம் வந்து சேர்ந்தது.

அமுதவள்ளியைப் பற்றி ஸ்டேஷனில் ஒரு முணுமுணுப்பு உண்டு. வாக்குமூலம் எழுத உட்கார்ந்தால் ஆளை எழுந்திருக்க விடமாட்டார். சொன்னதைச் சொன்னபடி எழுதுவார். இருமினால் ‘இருமினார்’ என்றும் எழுதுவார். அதை நகலெடுத்து ஏட்டுகளுக்குக் கை வலித்ததுதான் மிச்சம் என்று பேசிக்கொள்வார்கள்.

செவ்வாய்க்கிழமை. காலை 9.30.

அரசு மருத்துவமனையின் பிணவறை வாசலில் டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்.

“எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணியில வர்றது. அஞ்சாறு நாளாவே இருந்திருக்கு. முதல் ரெண்டு நாள்ல கூட்டிட்டு வந்திருந்தா ஊசியிலயே சரியாப் போயிருக்கும்.”

“ஏன் வரலை?”

“அதை நீங்கதான் கேட்டுச் சொல்லணும்.”

கேட்க வேண்டிய ஆள் தானாகவே வந்து நின்றார். தோட்டத்து மேனேஜர் லிங்கேஸ்வரன். முழுக்கைச் சட்டை, கையில் ஒரு கவர், புறங்கையில் சின்ன வெள்ளைப் பிளாஸ்திரி.

“எங்க தோட்டத்துல காலையில ஒவ்வொருத்தரும் பேரு, உடம்பு, வானிலைன்னு போன்ல பேசிப் பதிவு போடணும் மேடம். உடம்புக்கு முடியலைன்னு ரெண்டு நாள் சேந்தாப்ல சொன்னா, மூணாம் நாள் ஜீப்பு வச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவோம். சம்பளமும் உண்டு. அந்த ஆப்பைச் செஞ்சது இங்க போடியில சூர்யகலான்னு ஒரு பொண்ணு. அது ஒழுங்கா வேலை செய்யலை. அதான் இந்தச் சாவு.”

கவரில் இருந்தது புகார். கவனக்குறைவால் ஓர் உயிரைப் போக்கிய சூர்யகலாவைக் கைது செய்ய வேண்டும் என்று டைப் அடித்திருந்தது.

“நீங்க அந்தம்மாவைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?”

“எங்க மேடம் பாத்தேன்? போன வாரம் நாலு நாள் நானே பனியில கெடந்தேன். வெள்ளிக்கிழமைதான் தோட்டத்துக்கு ஏறுனேன். இருநூறு பேர்ல யாருன்னு பாக்க?”

அமுதவள்ளி எழுதிக்கொண்டார். எழுதி முடிப்பதற்குள் டி.எஸ்.பி.யிடமிருந்து போன். தோட்டத்து முதலாளி பெரிய இடம். சாயங்காலம் ஐந்து மணிக்குள் அந்தப் பெண்ணை ரிமாண்டுக்கு அனுப்பிவிடச் சொன்னார்.

காலை 11.00.

ஏலக்காய் ஏல மையத்துக்குப் பின்தெருவில் ஒரு மாடி. படியேறும்போதே ஏலக்காய் வாசனை மூக்கைத் துளைத்தது. அறையில் ஒரு மேஜை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பெண். சூர்யகலாவுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். இரவெல்லாம் அழுத முகம்.

“எத்தனை பேரு வேலை பாக்குறீங்க?”

“அஞ்சு பேரு மேடம். நான் ஒருத்தி. மத்த நாலும் ஏஜென்ட்டு.”

“ஏலக்காய் ஏஜென்ட்டா?”

“இல்ல மேடம், ஏஐ ஏஜென்ட்டு. கட்டட வேலை மாதிரிதான். ஒண்ணு வேலையைப் பிரிச்சுக் குடுக்கும், அதுக்கு மேஸ்திரின்னு பேரு வச்சிருக்கேன். கொத்தனார் புரோகிராம் கோடு எழுதும். அது நேரா நிக்குதான்னு ரசமட்டம் சோதிக்கும். கடைசியாத் தணிக்கைன்னு ஒண்ணு பாத்துக் குறை சொல்லும். வாராவாரம் நாலும் சேந்து ஆப்பைத் திருத்தும். நான் சரின்னு அமுக்குனாத்தான் வெளிய போகும்.”

“சோலையம்மா என்ன பேசியிருக்காங்க?”

சூர்யகலா ஒலிப்பதிவை ஓடவிட்டாள். ஈனமான ஒரு குரல். “சோலையம்மா. பனி.” அவ்வளவுதான். புதன், வியாழன், வெள்ளி, சனி, திங்கள். ஐந்து நாளும் அதே இரண்டு சொல். ஐந்து நாளும் செயலி அதை ‘வானிலை: மூடுபனி’ என்று குறித்து வைத்திருந்தது.

“மருந்துக்குக்கூட உடம்பு சரியில்லைன்னு சொல்லலையே?”

“அதான் மேடம் எனக்கும் புரியலை. இருபது தடவ கேட்டுட்டேன். எங்க தப்பு நடந்துச்சுன்னே தெரியலை. ஆனா எங்கயோ நடந்திருக்கு. ஒரு உசுரு போயிருச்சே!”

மேஜையடியில் ஒரு துணிப்பை இருந்தது. மாற்றுத் துணி, சீப்பு, சோப்பு. கைது செய்வார்கள் என்று எடுத்து வைத்திருக்கிறாள். அமுதவள்ளிக்கு மனசு சங்கடப்பட்டது. குற்றம் செய்தவர்கள் பெரும்பாலும் வக்கீலைத்தான் தயாராக வைத்திருப்பார்கள்.

பகல் 12.40.

ஜீப்பு ஸ்டாண்டில் ஜக்கையனைப் பிடித்தார்.

“போன வாரம் மலையில பனி எப்படி?”

“பனியா? பத்து நாளா வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும்மா. வளைவுல ஒரு நாள்கூட லைட்டுப் போட்டு ஓட்டலை.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே.”

“யோசிக்க என்னம்மா இருக்கு? ஸ்டீரிங் பிடிக்கிறவனுக்குப் பனி தெரியாதா?”

இல்லாத பனியை ஒருத்தி ஐந்து நாள் எதற்காகச் சொல்ல வேண்டும்? அமுதவள்ளி ராசிங்காபுரத்துக்கு வண்டியை விடச் சொன்னார். இழவு வீட்டுப் பந்தலில் கருத்தம்மாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“காச்சலோட ஏங்க்கா வேலைக்கு வந்தாங்க?”

“ஜீப்பு வரும்னுதான் தாயி. ரெண்டு நாள் சொன்னா ஆஸ்பத்திரிக்கு ஜீப்பு வரும்னாங்கள்ல? சொல்லிக்கிட்டேதான் இருந்தா. இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு பாத்துப் பாத்தே போயிட்டா.”

“போன்ல என்னன்னு சொல்லுவீங்க?”

“பனின்னுதான்.”

“பனியா?”

“தோட்டத்துல காச்சல்னு யாரு தாயி சொல்லுவா? அங்கன மருந்து குடுக்குற நர்சம்மா கட்டப்பனைக்காரி. அவகிட்டப் பனின்னாத்தான் மாத்திரை கிடைக்கும். மலையாளத்துல காச்சலுக்குப் பனின்னு பேரு. எங்களுக்கும் அதே வாயில பழகிப்போச்சு.”

அமுதவள்ளி நோட்டை எடுத்தார். பிறகு குரல் மாறிக் கேட்டார். “வேற யாரெல்லாம் பனின்னு சொன்னாங்க?”

கருத்தம்மாள் விரல்விட்டு எண்ணினாள். ஆறு பேர். ஆறு பேரும் அன்றைக்கும் காட்டில் காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். அமுதவள்ளி நின்ற இடத்திலிருந்தே ஜக்கையனுக்குப் போன் போட்டார். “அண்ணே, வெரசா மேல ஏறுங்க. ஆறு பேரைக் கூட்டிக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க. எவன் தடுத்தாலும் எம்பேரைச் சொல்லுங்க.”

பிற்பகல் 3.15.

விஷயத்தைக் கேட்டதும் சூர்யகலா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“அப்ப நான்தான் மேடம். நாலு மிஷினு ஒண்ணுக்கொண்ணு தலையாட்டுனதை நம்பி நானும் தலையாட்டிட்டேன். எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடுறேன்.”

“இரும்மா. உன் ஏஜென்ட்டுகளுக்கு மலையாளம் தெரியுமா?”

“என்னைவிட நல்லாத் தெரியும்.”

“பொறகு ஏன் நாலுல ஒண்ணுகூட வாயைத் திறக்கலை?”

சூர்யகலா கண்ணைத் திறந்தாள். போன வார அறிக்கையைத் திரைக்குக் கொண்டுவந்தாள். மேஸ்திரி எழுதிய நான்கு வரிச் சுருக்கம். மூன்றாம் வரி: ‘சொல் பற்றிய சந்தேகம் ஒன்று. தோட்டத்தில் கேட்டுத் தீர்க்கப்பட்டது.’

“என்ன சந்தேகம்?”

“தெரியலை மேடம். தீர்ந்துச்சுன்னு போட்டிருந்தா நான் உள்ள போய்ப் பாக்குறதில்லை. தோட்டத்துப் பேச்சு பத்தின கேள்வியெல்லாம் நேரா தோட்டத்து ஆபீசுக்கே போற மாதிரி வச்சிருக்கேன்.”

“சுருக்கம் எனக்கு வேண்டாம். நாலு பேரும் பேசிக்கிட்டது முழுசும் வேணும். ஒரு வரி விடாம.”

முந்நூற்றுச் சொச்சம் வரி. அமுதவள்ளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாக்குமூலம் படிப்பது போலப் படித்தார். இருநூற்றுப் பதினான்காம் வரியில் விரல் நின்றது. சனிக்கிழமை, காலை 9.56.

ரசமட்டம்: ‘ஏழு பேர் பனி என்கிறார்கள். வானிலைத் துறைக் கணக்கில் மூடுபனி இல்லை. இரண்டும் பொருந்தவில்லை.’

தணிக்கை: ‘மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். தோட்டம் கேரளத்தில் இருக்கிறது. ஏழு பேரும் நோயாளிகளாக இருக்கலாம். நாமாக முடிவு செய்யக் கூடாது. உடனே தோட்டத்தில் கேட்க வேண்டும்.’

9.58க்குக் கேள்வி போயிருக்கிறது: ‘உங்கள் தொழிலாளர்கள் பனி என்பது மூடுபனியா, காய்ச்சலா?’ 10.05க்குத் தோட்டத்து அலுவலகத்திலிருந்து பதில்: ‘மூடுபனிதான். வானிலையிலேயே இருக்கட்டும்.’

சூர்யகலா வாயைப் பொத்திக்கொண்டாள். “கேட்டிருக்கு மேடம். சரியாக் கேட்டிருக்கு. நான்தான் பாக்கலை.”

“காய்ச்சல்னு பதிவாகியிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“ரெண்டு நாளானா ஜீப்பு. மூணு பேருக்கு மேல போனா சுகாதாரத் துறைக்குத் தானாத் தகவல் போயிரும். அவங்க வந்து தண்ணித்தொட்டியைச் சோதிப்பாங்க. அதுவரைக்கும் தோட்டத்தை மூடணும்.”

“பறிப்பு உச்சத்துல இருக்கு” என்றார் அமுதவள்ளி. தன் பழைய நோட்டைப் புரட்டினார். காலையில் எழுதிய பக்கத்தில் ஒரு வரியை இரண்டு தடவை படித்தார். “பையை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு வாம்மா. வெளிப் பெஞ்சுல உக்காரு.”

மாலை 4.30.

லிங்கேஸ்வரன் கொஞ்சமும் அசரவில்லை.

“ஆமா மேடம், அந்தப் பதிலை நான்தான் போட்டேன். மறைக்க என்ன இருக்கு? பனின்னா பனி. நான் ராசிங்காபுரத்துக்காரன். மலையாளத்துல அதுக்கு என்ன அர்த்தம்னு நான் என்னத்தைக் கண்டேன்?”

“கேள்வியிலயே காய்ச்சலான்னு கேட்டிருக்கே?”

“கம்ப்யூட்டரு ஆயிரம் கேக்கும். எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். ஒரு வார்த்தை தெரியாதது குத்தமா?”

“குத்தமில்ல.” அமுதவள்ளி நோட்டை மேஜையில் விரித்தார். “காலையில நீங்க சொன்னதைப் படிக்கிறேன். ‘போன வாரம் நாலு நாள் நானே பனியில கெடந்தேன்.’ இதானே சொன்னீங்க?”

“ஆமா... மலையில பனி...”

“மலையில பத்து நாளாப் பனியே இல்ல. ஜீப்பு டிரைவர் சொல்றார், வானிலைக் கணக்கும் சொல்லுது. இருந்தாலும் பனியில ஒருத்தர் நடப்பார், நனைவார். நாலு நாள் கிடக்க மாட்டார். காய்ச்சல்லதான் கிடப்பார். தோட்டத்துல இத்தனை வருஷம் இருந்ததுல அந்தம்மாவுக்குப் பழகுன மாதிரியே உங்க வாயிலயும் அந்த வார்த்தை பழகிப்போச்சு. காலையில நானும் மூடுபனின்னு நெனச்சுத்தான் எழுதுனேன்.”

லிங்கேஸ்வரனின் கை தன்னையறியாமல் சட்டைக் கையை இழுத்துவிட்டது.

“அந்தப் பிளாஸ்திரி டிரிப்ஸ் ஏத்துன இடம். அரை மணி நேரத்துக்கு முன்னாடி நாலு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணேன். மூணாவது இடத்துல உங்க பேரு இருந்துச்சு. எலிக்காய்ச்சல். அதே தொட்டித் தண்ணி. உங்களுக்கு வார்த்தையும் தெரியும், வியாதியும் தெரியும். வெள்ளிக்கிழமை எழுந்து வந்தீங்க. சனிக்கிழமை அந்தக் கேள்வி வந்துச்சு. அப்ப சோலையம்மா உயிரோட இருந்தாங்க. சோலையம்மா செத்ததுக்குக் காரணம் நீங்க.”

லிங்கேஸ்வரன் நோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

“ஒரு வாரம் மேடம். இந்த ரவுண்டு பறிச்சு முடிச்சதும் நானே தொட்டியைக் கழுவச் சொல்லியிருப்பேன். அந்தம்மா செத்துப் போவாங்கன்னு சத்தியமா நெனைக்கலை.”

“உங்களுக்கு எத்தனை ஊசி போட்டாங்க?”

“...நாலு.”

அமுதவள்ளி அதையும் எழுதிக்கொண்டார்.

மாலை 5.00.

வெளியே பெஞ்சில் சூர்யகலா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அமுதவள்ளி வந்ததும் எழுந்து நின்றாள்.

“வழக்குல உன் பேரு இல்ல. ரிமாண்டுக்கு மேனேஜர்தான் போறார். வீட்டுக்குப் போ.”

“அந்த ஆறு பேரு மேடம்?”

“வந்துட்டாங்க. ஊசி போட்டாச்சு. பொழச்சுக்குவாங்கன்னு டாக்டர் சொல்றார்.”

சூர்யகலா அழுதாள். துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“சனிக்கிழமை அந்த வரியைத் திறந்து பாத்திருந்தா?”

பொய் சொல்லி ஆறுதல்படுத்த அமுதவள்ளிக்கு மனம் வரவில்லை. “பாத்திருந்தா பொழைக்க வழி இருந்திருக்கும்மா. அது சட்டத்துல வராது. உனக்குத் தெரியணும்னுதான் சொல்றேன்.”

சூர்யகலா தலையசைத்தாள். தெருவில் இறங்கிப் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். அவள் வீடு போடியிலேயே ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் ஏறியது சோலையம்மாளின் ஊரான ராசிங்காபுரம் போகும் பஸ்சில்.