எச்சில் பெல்ட்

அந்த மெக்கானிக்கை எல்லாரும் மோப்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒழுகுவது பிரேக் ஆயிலா, கியர் ஆயிலா என்று பத்தடி தள்ளி நின்றே மூக்கால் சொல்லிவிடுவார். முதலில் மூக்கு வரும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆள் வருவார் என்பது அவர் மனைவி வாக்குமூலம்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், ஒரு பழைய வீட்டின் கார் ஷெட்டுக்குள் நுழைந்தார். உள்ளே பகலிலேயே இருட்டு. மூக்கு உடனே, போயிடலாம் என்றது.

"டைமிங் பெல்ட் மாத்தணும்ணே," என்றான் வீட்டு மாப்பிள்ளை. "என் பொண்டாட்டிக்குப் பிரசவம் இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. வழியில அறுந்துடுச்சுன்னா?"

"அறுந்தா எஞ்சின் அங்கேயே படுத்துடும். இதுக்கு முன்னாடி யார் பார்த்தா?"

"மாமனார்தான். போன மாசம் தவறிட்டாரு. யாரையும் தொட விடமாட்டாரு. கிறீச்சுன்னா மூடியைத் தொறந்து, கட்டைவிரல்ல எச்சில் தொட்டு பெல்ட்ல தடவுவாரு. சளியோட."

"நல்ல மனுஷன்," என்றபடி மோப்பம் மூடியைக் கழற்றினார்.

சருகு மாதிரி காய்ந்திருக்க வேண்டிய பெல்ட், சொதசொதவென்று நனைந்திருந்தது. தொட்டுவிட்டு விரலைப் பிரித்தார். மஞ்சளாக, நூல் நூலாக, முழ நீளத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் பம்ப் ஒழுகலோ என்று மோந்து பார்த்தார்.

ஒழுகல் இல்லை. மாதக்கணக்கில் கொப்பளிக்காத நோயாளியின் வாய் நாற்றம்.

அதுவும் வெதுவெதுவென்று.

ஒரு மூட்டைப் பழந்துணி போட்டுத் துடைத்தார். புது பெல்ட்டை மாட்டி, பல்சக்கரங்களின் குறிகளை நேராக வைத்து, இறுக்கினார். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். எங்கேயாவது இடித்தால் கைக்குத் தெரிந்துவிடும்.

முதல் சுற்று, வெண்ணெய்.

இரண்டாவது சுற்றில் இடித்தது.

இரும்பு இரும்பில் இடித்த மாதிரி இல்லை. யாருடைய தொண்டையையோ அழுத்தின மாதிரி, கொழகொழவென்று.

"க்ஹ்ஹா..."

எஞ்சினுக்குள்ளிருந்து, அடிநெஞ்சிலிருந்து காறி இழுக்கும் சத்தம்.

புது பெல்ட்டில், கட்டைவிரல் அகலத்துக்கு ஈரம்.

"என்னண்ணே?" மாப்பிள்ளை கிசுகிசுத்தான்.

"உன் மாமனாருக்கு என் வேலை பிடிக்கலப்பா."

துடைத்தார். நனைந்தது. மறுபடி துடைத்தார். இந்தத் தடவை ஒரு சொட்டு தெறித்து அவர் உதட்டில் உட்கார்ந்தது. மூக்கு மட்டும் முகத்தோடு ஒட்டியிராவிட்டால் தெருமுனை வரை ஓடியிருக்கும்.

அப்போது செத்தவரின் மகள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஷெட் வாசலுக்கு வந்தாள். பானெட்டைப் பார்த்தே பேசினாள்.

"அப்பா, ஈரமா இருந்தா பெல்ட் வழுக்கிடும். நானும் புள்ளையும் நடுரோட்டுல கெடக்கணுமா? அதை விட்டுடுப்பா. வா, எங்ககூடவே வந்துடு."

பிறகு அந்த நாற்றம் மெதுவாக மோப்பத்தின் முகத்தை உரசிக்கொண்டு, வாசல் பக்கமாக, அவள் நின்ற இடத்துக்குப் போனது.

பெல்ட் காய்ந்திருந்தது. ஸ்பேனர் எங்கேயும் இடிக்காமல் சுற்றியது. அன்று சாயங்காலமே வலி எடுக்க, கார் முனகல்கூட இல்லாமல் அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கியது.

அடுத்த வாரம் மோப்பம் குழந்தையைப் பார்க்கப் போனார். பஞ்சுப் பொதி மாதிரி அம்மா மடியில் கிடந்தான்.

"மூக்கு பத்திரம்ணே, பிச்சு எடுத்துடுவான்," என்று சிரித்தாள்.

"எடுத்துக்கட்டும், என்கிட்ட தாராளமா இருக்கு," என்று குனிந்தார்.

குழந்தை வாயிலிருந்து கட்டைவிரலை எடுத்தது. அவரையே பார்த்தபடி, நிதானமாக, அவர் மூக்கில் மேலிருந்து கீழாக ஒரு தடவு தடவியது.

வெதுவெதுவென்று.

விரல் விலகியபோது, மஞ்சளாக, நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.