வலப்பக்கத்துத் திரை

"அண்ணே, நாலு மணிக் கூட்டத்துல மேலாளர் என் எட்டு மாச வேலையைக் குப்பையில போடப் போறாரு!"

நிரல்களில் பிழைதேடுபவரின் அறைக்குள் வந்த நிரலாளர் உட்காரக்கூட இல்லை. உலாவியில் இணையப் பக்கங்களின் நிறத்தையும் அளவையும் கணக்கிடும் பகுதியை அவள்தான் பிரித்துப் போட்டு ஒழுங்குபடுத்தியிருந்தாள். வேகம் இரட்டிப்பானது. கூடவே ஒரு வினோதமும் முளைத்தது. மவுஸ் நிற்கும் பொத்தான் மட்டுமே நீலமாக வேண்டும். இப்போது பக்கத்துப் பொத்தானும் நீலமாகிறது. அதுவும் சோதனைப் பிரிவுத் தலைவியின் மேசையில் மட்டும்.

"அவங்க கம்ப்யூட்டர்தான் கோளாறு!" என்று துள்ளினான் பிழைதேடுபவரின் உதவியாளன். அவசரக்குடுக்கை என்று பெயர் வைத்து, பிறகு வெறும் குடுக்கையாக்கிவிட்டார்கள் அவனை.

அலுவலகமே ஆமை என்று அழைக்கும் பிழைதேடுபவர் அசரவில்லை. "பழைய வரி எதையாவது தொடாம விட்டீங்களா?"

"ஒரே இடம்தான். ஒரு பொத்தான் இன்னொண்ணைப் பார்த்து நிறம் எடுத்துக்கிற வரி. நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்."

ஆமை ஒரு கணம் அவளையே பார்த்துவிட்டு எழுந்தார்.

தலைவியின் மேசைக்கு இடப்புறம் ஒரு தூண். அதனால் இரண்டாவது திரையை வலப்பக்கம் வைத்திருந்தாள். மற்ற மேசைகளில் அது இடப்பக்கம் இருந்தது. அவள் வலத்திரையிலிருந்து மவுஸை இழுத்து, "அழி"யைத் தாண்டி "சேமி"யில் நிறுத்தினாள். இரண்டும் நீலம். குடுக்கை அதே கம்ப்யூட்டரில் மவுஸை இடமிருந்து கொண்டுவந்தான். "சேமி" மட்டும் நீலம். அவன் முகம் சுருங்கிப் போனது.

நாலு மணிக்கு மேலாளர் முன்னால் ஆமை நிதானமாகத் தொடங்கினார்.

"வேலை மிச்சமாக ஒரு குறுக்குவழி உண்டு. ஒரே மாதிரி ரெண்டு பொத்தான் இருந்தா, முதல்ல இருக்கிற "சேமி" அண்ணன், அடுத்த "அழி" தம்பி. தம்பி தனியாக் கணக்குப் போடாம அண்ணனைப் பார்த்துக் காப்பியடிப்பான். தன் மேல மவுஸ் இருந்தா மட்டும் அடிக்க மாட்டான். அண்ணன் மேல மவுஸ் இருந்தா? அதை அந்த வரி கேக்கவே இல்ல."

"எங்களுக்கு ஏன் வரல?" என்றார் மேலாளர்.

"நாம இடமிருந்து நேரா அண்ணன்கிட்ட போயிடறோம். தம்பியைத் தொடறதே இல்ல. தலைவி தம்பியைத் தாண்டி வர்றாங்க. மவுஸ் விலகினதும் தம்பி மறுபடி நிறம் பார்க்கணும். அந்த நேரம் அண்ணன் நீலம்."

"பழசுல இது இல்லையே!"

"பழசு எல்லாத்தையும் ரெண்டாவது தடவை முழுசாக் கணக்குப் போட்டுத் தப்பை அழிச்சிடும். இவங்க அந்த வீண் வேலையை எடுத்தாங்க. ஒளிஞ்சிருந்தது வெளிய வந்துடுச்சு. தப்பு இவங்களோடது இல்ல."

"அரைகுறையா எழுதின அந்த மகானுபாவன் யாரு?" குடுக்கை கொதித்தான்.

"நான்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால."

ஆமை கணினியைத் திறந்து விடுபட்ட கேள்வியைச் சேர்த்தார். தலைவி வலமிருந்து மவுஸை இழுத்தாள். "சேமி" மட்டும் நீலமானது. மேலாளர் தம் குறிப்பில் "கைவிடு" என்றிருந்ததை அடித்தார்.

நிரலாளருக்குக் கண் கலங்கியது. "தப்பு அந்தப் பழைய வரியிலன்னு நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதேண்ணே."

"உங்க எட்டு மாசம் போயிருக்குமேம்மா" என்றார் ஆமை.