கையெழுத்து முதலில், படம் பிறகு

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அந்தச் சலவைக்கூடத்தின் பின்வாசலில் போய் நின்றபோது, பேய்க்குப் பயப்படும் எண்ணமே அவனுக்கு இல்லை. பயப்பட வேண்டிய ஆள் சாவிக்கொத்தோடு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"நீதானா அந்த போட்டோக்காரன்?" என்றார் மேற்பார்வையாளர். "பூங்கா வாசல்ல ஜோடிங்களப் புடிச்சு நிக்க வெப்பியே, அவன்தானே?"

"அவனேதான் சார்."

"செத்துப்போனவளோட தம்பி."

"அதுவும் நான்தான்."

பூங்கா வட்டாரத்தில் அவனைப் 'பொறுங்க' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனிடம் இருப்பது உடனடிப் படம் எடுக்கும் கேமரா. பொத்தானை அழுத்தினால் கர்ரென்று ஒரு வெள்ளை அட்டையைத் துப்பும். அதில், புகைக்குள்ளிருந்து ஆள் நடந்து வருவது போலப் படம் நிதானமாக வரும். ஆயிரம் படம் கொள்ளும் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே ஜனங்கள் அவன் முன்னால் வரிசை கட்டுவார்கள். காரணம், அந்த அட்டை உலகத்திலேயே ஒன்றுதான். திருத்த முடியாது, மூக்கை நேராக்க முடியாது, தொலைந்தால் தொலைந்ததுதான். வாங்கியதும் எல்லாரும் அதை விசிறி மாதிரி ஆட்டுவார்கள். "ஆட்டாதீங்க, பொறுங்க, பொறுங்க" என்று கத்திக் கத்தியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்ப்பானா என்பது அவனுக்கே சந்தேகம்.

அக்காவின் சாவை விசாரிக்கும் அதிகாரியம்மாவும் அந்த அட்டையைத்தான் கேட்டிருந்தார். "ரெண்டு தரப்பும் ஃபோன்ல ஆளுக்கொரு கதவக் காட்டறீங்க. எத நான் நம்ப? திருத்த முடியாத படமா எடுத்துட்டு வாங்க. கீழ இருக்கற வெள்ளை ஓரத்துல மேற்பார்வையாளர் கையெழுத்து இருக்கணும்." மறுநாள் காலை அறிக்கை எழுதப்போகிறார்.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். இஸ்திரி அறையில் நீராவிக் குழாய் வெடித்தபோது, கதவு வெளியிலிருந்து தாழிடப்பட்டிருந்ததா? நிர்வாகத்தின் பதில்: அந்தக் கதவுக்குத் தாழே கிடையாது, அந்தப் பெண் கவனக்குறைவால் செத்தாள். அதுவே எழுத்தில் ஏறினால் அக்கா இன்னொரு முறை சாவாள். இந்த முறை தன் தப்பால்.

தாழ் இருந்தது. அக்காவே சொன்னாள். "டேய், நேரம் முடியறதுக்கு முன்னாடி நாங்க நழுவிடுவோமாம். அந்த ஆளு வெளிய தாழ் போடறான்டா." சாப்பாட்டு மேசையில், தட்டைத் தள்ளிவிட்டுக் கொதித்துப்போய்ச் சொன்னாள்.

அவன் என்ன சொன்னான்? "உன் கோபத்தப் பாத்து, தற்காப்புக்குப் போட்டிருப்பான்க்கா." சொல்லிவிட்டு அவனே முதலில் சிரித்தான். நல்ல ஜோக்தான். ஒன்பதாவது நாள் அவளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

கூடத்துக்குள் ஒரு இயந்திரமும் ஓடவில்லை. சோப்புத்தூள் வாடை, ஈரத்துணி வாடை, அதற்கடியில் கருகிய பருத்தியின் வாடை. கூண்டு வண்டிகளில் குவித்த வெள்ளை விரிப்புகள், தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஆட்கள் போலத் தெரிந்தன. கோடியில் இஸ்திரி அறை. இரும்புக் கதவு, முகம் தெரியும் உயரத்தில் ஒரு வட்டக் கண்ணாடி. சாம்பல் நிறப் பெயின்ட் இன்னும் மணத்தது. தாழ் இருந்த இடத்தில் ஒரு திருகாணி ஓட்டைகூட மிச்சமில்லை. பூசியவன் கைதேர்ந்தவன்.

"எடு. நல்லா கிட்ட வந்தே எடு" என்றார் மேற்பார்வையாளர்.

எடுத்தான். கர்ர்.

"குடு, கையெழுத்துப் போட்டுடறேன்."

"படம் வரட்டும் சார். பொறுங்க."

"என்னத்த வரப்போவுது? மொட்டைக் கதவு!" படமே வராத அட்டையைப் பிடுங்கி, வெள்ளை ஓரத்தில் வளைத்து வளைத்துப் போட்டார். தேதியும் நேரமும்கூட எழுதினார்.

அவன் அட்டையை வாங்கி, மடித்துவைத்த விரிப்புகளின் மேல் கவிழ்த்தான். படம் வரும்வரை வெளிச்சம் படக்கூடாது. இரண்டு நிமிஷம் காத்தான். எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

திருப்பினான்.

கதவு வந்திருந்தது.

தாழும் வந்திருந்தது.

ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்த இரும்புத் தாழ், இழுத்துப் போட்டபடி. அதற்குக் கீழே, மேற்பார்வையாளரின் அழகான கையெழுத்து.

அவன் கதவைப் பார்த்தான். வெறும் பெயின்ட். படத்தைப் பார்த்தான். தாழ். மேற்பார்வையாளரும் எட்டிப் பார்த்தார். அவர் காது சிவந்தது. படத்தைப் பறித்து, மேசையில் கிடந்த கத்தரியால் நாலு துண்டாக வெட்டினார்.

"பழைய ஃபிலிம்" என்றார். "பேய்ப்படம் காட்டறியா எனக்கு?"

ஒன்றுதான் இருக்கிறது என்பதில் இத்தனை நாள் அவனுக்கு இருந்த பெருமை, நாலு துண்டாகத் தரையில் கிடந்தது. அவன் ஆயுளில் யாரையும் அடித்ததில்லை. கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவான். இப்போது கத்தரியின் மேலேயே அவன் கண் நின்றது.

"நாளைக்குப் படம் வேணும்ல சார்?"

"வேணும். அதனால இப்படி எடு. நான் உள்ள போய்ச் சாத்திக்கறேன். நானே தள்ளித் திறந்துட்டு வரேன். அத எடு, அதுல போடறேன் கையெழுத்து. உங்கக்காவுக்குத் தள்ளத் தெரியல, அவ்வளவுதான்."

உள்ளே போனார். கதவு மூடியது.

டக்.

இரும்பில் இரும்பு விழுந்த சத்தம். வெறும் கதவில்.

உள்ளிருந்து ஒரு தள்ளல். இன்னொன்று. வட்டக் கண்ணாடி உள்பக்கமாகப் புகைந்தது. கொதிகலன் அணைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆனாலும் உஸ்ஸென்று நீராவி சீறியது.

"தம்பி! விளையாடாத! தாழ எடு!"

"எந்தத் தாழ் சார்?" என்றான் அவன்.

சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு இனிமையாக இருந்தது என்று கவனித்தான். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நிற்பது சுகமாக இருந்தது. அக்கா எவ்வளவு நேரம் தட்டியிருப்பாள்? அவ்வளவு நேரம் இவரும் தட்டட்டும். அதற்கு மேலும் ஒரு தட்டு தட்டட்டும்.

புகைந்த கண்ணாடியில் ஒரு உள்ளங்கை வந்து ஒட்டியது. ஐந்து விரல். வெந்து சிவந்த விரல். அது யாருடையது என்று பார்க்க அவனால் முடியவில்லை. கை, அவ்வளவுதான்.

ஓடிப்போய்க் கதவை இழுத்தான். அசையவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்த ஒரே வேலையைச் செய்தான். கேமராவைத் தூக்கினான். கர்ர். அட்டையைச் சட்டைக்குள் கவிழ்த்து வைத்துக்கொண்டு, தன் பெயரைத் தனக்கே சொல்லிக்கொண்டான்.

பொறுங்க. பொறுங்க.

எடுத்துப் பார்த்தான்.

படத்தில் தாழ் இருந்தது. தாழின் மேல் ஒரு கை இருந்தது. மணிக்கட்டில், இஸ்திரிப்பெட்டி சுட்ட படகு வடிவத் தழும்பு.

"அக்கா" என்றான். "போதும்க்கா. விட்டுடு."

பிடரியில் சூடான மூச்சு பட்டது. கஞ்சி போட்ட துணியின் வாடை. காதுக்குள் ஒரே ஒரு சொல்.

"சிரிடா."

"தப்புதான்க்கா. நீ சொன்ன அன்னிக்கே நான் இங்க வந்து சத்தம் போட்டிருக்கணும். பயந்தாங்கொள்ளி நான். அதான் சிரிச்சேன்."

உள்ளே தட்டுவது நின்றுபோனது.

படத்தைக் கதவோடு சேர்த்துப் பிடித்து அளந்தான். கண்ணாடிக்கு ஒரு சாண் கீழே, விளிம்பிலிருந்து நாலு விரல். அந்த வெற்றிடத்தில் கையை வைத்தான்.

இரும்பு. கொதிக்கும் இரும்பு.

அவன் கையின் மேல் நாலு விரல்கள் அழுந்தின. அவன் இழுத்தான். அவள் விடவில்லை. தோல் பொசுங்கும் வாடை வந்தது. அவனும் விடவில்லை.

டக்.

மேற்பார்வையாளர் வெளியே வந்து விழுந்தார். வேகவைத்தது போல முகம் வீங்கியிருந்தது. அவருக்குப் பின்னால் அறை உலர்ந்து, குளிர்ந்து, ஒரு துளி ஈரமில்லாமல் கிடந்தது. அவர் அவன் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. அவரே பேனாவைத் தேடினார். இந்த முறை கையெழுத்து கோணலாக விழுந்தது.

மிச்சமிருந்த ஆறு படங்களையும் அவன் அங்கேயே எடுத்துத் தீர்த்தான். எல்லாவற்றிலும் மொட்டைக் கதவு.

மறுநாள் அதிகாரியம்மா கையெழுத்துப் போட்ட அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இந்தக் கை?"

"உள்ள செத்தவங்களோடது" என்றார் மேற்பார்வையாளர், தரையைப் பார்த்தபடி. "தாழ் நான் போட்டது. தினமும் போட்டேன்."

அறிக்கையில் அப்படியே ஏறியது. அக்காவின் தப்பு இல்லை என்று முத்திரையோடு ஒரு தாள் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு அழலாம் என்று வீட்டுக்கு வந்தான். காலியான கேமராவை அலமாரியில் வைத்தான்.

கர்ர்.

எட்டுப் படமும் தீர்ந்த கேமரா, ஒன்பதாவது அட்டையைத் துப்பியது.

அவன் ஆட்டவில்லை. சாப்பாட்டு மேசையில் கவிழ்த்துவிட்டுப் பொறுத்தான். திருப்பினான்.

அதே மேசை. அக்கா உட்காரும் நாற்காலியிலிருந்து எடுத்த படம். எதிரில் அவன், வாய் நிறையச் சோற்றோடு, கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறான். அன்றைக்கு யாரும் படம் எடுக்கவில்லை.

கீழே வெள்ளை ஓரம் காலியாக இருந்தது.

வெந்த கையில் பேனாவைப் பிடித்து, யாரும் கூப்பிடாத தன் சொந்தப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டான்.

வாசல் பக்கம் சத்தம் கேட்டது.

டக்.

அவன் வீட்டுக் கதவுக்கு வெளியே தாழ் கிடையாது.